கடல் மரமும் நீலகிரித் தைலமும்: எத்தியோப்பிய மலைநாட்டின் ‘இழந்த காடு’ குறித்து

1. கரி சுட்ட தெரு

குரோய்டனின் வடபகுதியில், தோர்ன்டன் ஹீத்தில், கொலியர்ஸ் வாட்டர் லேன் என்றொரு தெரு இருக்கிறது. கொலியர் என்ற சொல் பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவரைக் குறித்தது. பதினாறாம் நூற்றாண்டில் அது மரக்கரி சுடுகிறவருக்குப் பெயர். லண்டன் நகரத்து அடுப்புகளுக்கும் உலைகளுக்கும் குரோய்டனிலிருந்து கரி மூட்டைகள் போயின. குரோய்டன் கரிக்காரர் ஒருவரைத் தலைப்பிலேயே வைத்த நாடகமொன்று 1662இல் அச்சாகியிருக்கிறது. அந்தத் தொழில் எவ்வளவு பேர்பெற்றிருந்தது என்பதற்கு அதுவே போதும். கரிக்கு வேண்டிய மரம் ஊருக்கு வடக்கே இருந்த காட்டிலிருந்து வந்தது. காடு போய்விட்டது; ‘வடகாடு’ என்று பொருள்படும் நோர்வுட் என்ற பெயர் மட்டும் ரயில் நிலையப் பலகைகளில் நிற்கிறது.

அந்த வடகாட்டை ஆள் நுழையாத பெருங்காடாகக் கற்பனை செய்துவிடக் கூடாது. அதில் பெரும்பகுதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடியோடு தறித்து, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கவிட்டு, விறகுக்கென்றே பேணிய காடு. வடகடல் வழியாக வந்த நிலக்கரி மலிவானபோது விறகுக்காட்டைப் பேணுவதில் லாபம் இல்லாமல் போயிற்று. ரயில் வந்தபின் வீட்டுமனைகள் வந்தன. ‘காடு அழிந்தது’ என்று ஒரே வரியில் இதைச் சொல்லிவிட்டால், அதை யார் வளர்த்தார்கள், எதற்காக வெட்டினார்கள், ஏன் வளர்ப்பதை விட்டார்கள் என்ற மூன்றும் காணாமல் போய்விடும்.

இந்தத் தெருவில் தொடங்குவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், லண்டன் ரோட்டிலுள்ள தமிழ்க் கடைகளில், பனிக்காலம் வந்ததும் நீலகிரித் தைலப் புட்டிகள் முன்தட்டுக்கு வந்துவிடும். சளிக்கு ஆவி பிடிக்க வாங்குகிறோம். அந்தத் தைலத்தைத் தரும் மரம் ஆஸ்திரேலியாவுக்கு உரியது. நாம் அதற்கு நம் மலையின் பெயரை வைத்துவிட்டோம். அதே யூகலிப்டஸை எத்தியோப்பியாவின் அம்ஹாரிக் மொழியில் ‘பாஹிர் ஸாஃப்’ என்கிறார்கள். கடல் மரம், அதாவது கடல் தாண்டி வந்த மரம் என்று பொருள். கடற்கரையே இல்லாத நாடு தன் மலைகளெங்கும் நிற்கும் மரத்தைக் கடலின் பெயரால் அழைக்கிறது. வந்த மரத்தை வந்த மரமென்றே சொல்லும் அந்தப் பெயரில் நம்முடையதைவிட நேர்மை கூடுதல்.

எத்தியோப்பிய மலைநாடு ஒரு காலத்தில் அடர்காடாக இருந்து, கடந்த நூறாண்டுக்குள் மொட்டையடிக்கப்பட்டதா? இதுவே இக்கட்டுரையின் கேள்வி. ஆம் என்பதே பரவலான பதில். அந்தப் பதில் எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பதும், நீலகிரியை அருகில் வைத்து அதை மறுபடி வாசிப்பதும் என் நோக்கம்.

2. மேலே குடி, கீழே வெயில்

சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து மேடானது எத்தியோப்பிய உயர்நிலம். பெரும் பிளவுப் பள்ளத்தாக்கு அதைக் குறுக்கே பிளந்து செல்கிறது. வடக்கே சிமியன் மலையில் ராஸ் தஷன் சிகரம் 4,500 மீட்டரைத் தாண்டுகிறது. வடகிழக்கே தனாகில் தாழ்நிலத்தில் டல்லோல் கடல்மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. நாட்டின் சுற்றுலாத் துறை ‘பதின்மூன்று மாத வெயில்’ என்று நெடுநாள் விளம்பரம் செய்தது. எத்தியோப்பிய நாட்காட்டிக்குப் பதின்மூன்று மாதங்கள் என்பது உண்மை. வெயில் என்பது வியாபாரம். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ‘கிரெம்த்’ பெருமழையில் அடிஸ் அபாபாவில் நின்றவர்கள் அந்த வாசகத்தை நினைத்துச் சிரித்திருப்பார்கள். பெப்ரவரி, மார்ச் தொடங்கி மே வரை ‘பெல்க்’ என்ற சிறுமழை. அக்டோபரிலிருந்து ‘பெகா’ என்ற வறள்காலம்.

இந்த மழை நமக்கு முற்றிலும் அந்நியமானதல்ல. எல் நினோ ஆண்டுகளில் நம் தென்மேற்குப் பருவமழை போலவே கிரெம்த்தும் தளர்கிறது. 2015இல் எத்தியோப்பியாவில் கிரெம்த் பொய்த்து, ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் உணவு உதவியை எதிர்பார்க்கும் நிலை வந்தது. அதே எல் நினோவின்போது வடகிழக்குப் பருவமழை சென்னையை மூழ்கடித்தது.

எத்தியோப்பியர் தங்கள் நாட்டை உயரத்தைக் கொண்டு வகுத்திருக்கிறார்கள். வெப்பம் மிகுந்த பாழ்நிலம் ‘பெரஹா’. அதற்கு மேலே சோளம் விளையும் ‘கொல்லா’. சுமார் 1,500 மீட்டருக்கு மேல் தெஃப் தானியம் செழிக்கும் மிதமான ‘வைன தெகா’. சுமார் 2,300 மீட்டருக்கு மேல் கோதுமையும் வாற்கோதுமையும் விளையும் குளிர்ந்த ‘தெகா’. உச்சியில் உறைபனி விழும் ‘வுர்ச்’. ஐந்து என்றதும் ஐந்திணை நினைவு வரும். ஆனால் அந்த ஒப்புமை எண்ணிக்கையோடு முடிந்துவிடுகிறது. திணை என்பது நிலம், பொழுது, ஒழுக்கம் மூன்றையும் பிணைத்த கவிதை இலக்கணம். தெகாவும் கொல்லாவும் எந்த விதையை எங்கே போடலாம் என்று உழவனுக்குச் சொல்லும் அளவுகோல். நடைமுறைக் கணக்கு.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் அடங்கியிருக்கிறது. மேலே மலேரியா குறைவு, மண் வளமானது, மழை நம்பத்தக்கது. எனவே மக்கள் மேலே குடியேறினார்கள். தமிழ் வாசகருக்கு மலை என்றால் ஊருக்கு அப்பாற்பட்டது, கோடைக்குப் போய்வரும் இடம். எத்தியோப்பியாவில் மலைதான் ஊர். அரசும் திருச்சபையும் சந்தையும் அங்கேதான். எருது பூட்டிய ‘மரெஷா’ கலப்பை இரண்டாயிரம் ஆண்டுகளுக்குக் குறையாமல் அங்கே உழுதுவருகிறது. இத்தனை காலம் உழுத நிலத்தை ‘மரமில்லாத நிலம்’ என்று வருணிப்பது தஞ்சாவூர் வயலைப் பார்த்து இங்கே காடு எங்கே போயிற்று என்று கேட்பது மாதிரி.

3. நாற்பது என்ற எண்

1900 வாக்கில் எத்தியோப்பியாவின் 40 சதவீதம் காடாக இருந்தது, இன்று சுமார் 3 சதவீதமே எஞ்சியிருக்கிறது: இந்த வாக்கியம் அரசுத் திட்டங்களிலும் உதவி நிறுவன அறிக்கைகளிலும் பாடநூல்களிலும் பல்லாண்டுகள் உலவியது. அமெரிக்க அரசியல்வாதி ஏல் கோர் 1992இல் வெளியிட்ட சூழலியல் நூலிலும் அந்த 40 இடம்பெற்றது. அந்தக் காடு இருந்ததாகச் சொல்லும் காலம் மட்டும் 1900இலிருந்து நம் காலத்தை நோக்கி நகர்ந்துவிட்டது. வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் மக்கான் 1997இல் எழுதிய கட்டுரையில் இந்த எண்ணின் வேரைத் தேடிப் போனார். 1900இல் எத்தியோப்பியாவில் யாரும் காட்டை அளக்கவில்லை. ஓர் அறிக்கை இன்னோர் அறிக்கையைச் சான்று காட்ட, அது மற்றொன்றைக் காட்ட, சங்கிலியின் முதல் கண்ணியில் ஊகமே இருந்தது. அதற்கு இரண்டாண்டுகள் முன்பே மானிடவியலாளர் ஆலன் ஹோபன் இந்த எண்ணின் அரசியலைக் காட்டியிருந்தார். விவசாயி அறியாமையால் காட்டை அழித்தான், மண் அரித்தது, அதனால் பஞ்சம் வந்தது என்று ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் நிலவுடைமையோ போரோ தானியக் கொள்முதலோ வருவதேயில்லை.

1900 என்ற அடிப்படை ஆண்டைப் பற்றி எனக்கு வேறொரு ஐயமும் உண்டு. 1880களின் இறுதியில், இத்தாலியர் மஸ்ஸாவா துறைமுகத்தில் இறக்கிய மாடுகளோடு மாட்டுப்பெருநோய் எத்தியோப்பியாவுக்குள் வந்தது. அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டவை என்பது பரவலான கருத்து. உழவெருதுகள் செத்து விழுந்தன. 1888 முதல் 1892 வரை நீண்ட பெரும்பஞ்சத்தை அந்நாட்டார் ‘கெட்ட நாட்கள்’ என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். எருதும் ஆளும் இல்லாத வயலில் புதர் மண்டும். ஆகவே 1900 வாக்கில் ஒரு பயணி ஆங்காங்கே பசுமையைப் பார்த்திருந்தாலும், அவர் பார்த்தது ஆதிக் காடா, பத்தாண்டு பழைய தரிசா என்பதை அவரால் எப்படிச் சொல்லியிருக்க முடியும்? இது என் ஊகம்தான். ஆனால் நாற்பதுக்குப் பின்னால் இருக்கும் ஊகத்தைவிட இதற்கு ஓரளவு நடந்த சம்பவங்களின் துணை இருக்கிறது.

4. பட்டாளம் எடுத்த படங்கள்

வேடிக்கை என்னவென்றால், 1900க்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய நிலத்தைப் பார்க்க நமக்குப் புகைப்படங்களே இருக்கின்றன. பேரரசர் தெவோத்ரோஸ் ஐரோப்பியரைச் சிறைபிடித்ததைத் தொடர்ந்து, 1868இல் ராபர்ட் நேப்பியர் தலைமையில் பிரிட்டிஷ் படை மக்தலா கோட்டைக்குப் போனது. படை திரண்டது பம்பாயில். சுமை இழுக்க 44 யானைகளும் போயின. பாதை வெட்டிய பிரிவுகளில் மதராஸ் சாப்பர்ஸும் இருந்தது. ‘அபிசீனியா’ என்ற போர் விருது இன்றும் அப்படைப்பிரிவின் பெருமைப் பட்டியலில் நிற்கிறது. நம்மவர் கடப்பாரையால் திறந்த அந்த வழியில் ராயல் இன்ஜினியர்ஸ் படமெடுத்துக்கொண்டே போனார்கள்.

பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான் நைசனும் அவரது குழுவினரும் அதே இடங்களைத் தேடிப்போய், அதே கோணத்தில் மீண்டும் படமெடுத்து, 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். 1868இலேயே வட எத்தியோப்பியச் சரிவுகள் பெரிதும் வெறுமையாக இருந்தன. 140 ஆண்டுகளுக்குப் பிந்தைய படங்களில் பல இடங்களில் மரமும் புதரும் கூடியிருந்தன. கல்வரப்பு கட்டியதும், மேய்ச்சலுக்கு அடைத்து மலைச்சரிவுகளை மீளவிட்டதும் அதற்குக் காரணம். வட எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் 1930களின் படங்களை வைத்து வரலாற்றாசிரியர் டொனால்ட் கிரம்மி செய்த ஒப்பீடும் ஏறத்தாழ இதையே சொன்னது: மரம் குறையவில்லை, கூடியிருக்கிறது; உழவர்களே நட்டிருக்கிறார்கள்.

இன்னும் பின்னே போக ஏரிச்சேறு உதவுகிறது. வொல்லோவின் ஹய்க், ஹர்திபோ ஏரிகளின் படிவில் சிக்கிய மகரந்தத்தை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வொன்று மூவாயிரம் ஆண்டுக் கதையைத் தருகிறது. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் காடு வெட்டப்பட்டுப் புதரும் புல்லும் பரவின. பதினான்காம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சில நூற்றாண்டுகள் ஜூனிப்பர் காடு திரும்பி வந்தது. கடந்த முந்நூறு ஆண்டுகளில் மறுபடி போனது. இங்கே ஒரே இறங்குமுகம் இல்லை. ஏற்றமும் இறக்கமுமாகப் போகிறது. எகிப்தின் வயல்மண்ணே பெரும்பாலும் இந்த மலைகளிலிருந்து நீல நைலில் இறங்கிய வண்டல் என்பதை நினைத்தால், மண் அரிப்பும் நேற்றுத் தொடங்கியதல்ல என்பது விளங்கும்.

எழுத்துச் சான்று லண்டனிலேயே இருக்கிறது. மக்தலாவில் கொள்ளையடித்த பொருட்களில் சுமார் 350 கையெழுத்துச் சுவடிகள் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தன. இன்று அவை செயின்ட் பாங்க்ரஸில் பிரிட்டிஷ் லைப்ரரியில். எத்தியோப்பியத் திருச்சபைச் சுவடிகளின் ஓரங்களிலும் வெற்றுத் தாள்களிலும் யாருக்கு எந்த நிலம் கொடுக்கப்பட்டது, யார் விற்றார், யார் சாட்சி என்று எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. நம் கோயில் சுவர்க் கல்வெட்டு செய்யும் வேலையை அங்கே வேதப்புத்தகத்தின் ஓரம் செய்தது. கிரம்மி தம் நிலவுடைமை வரலாற்றை இத்தகைய குறிப்புகளைக் கொண்டே எழுதினார். தன் நிலத்தின் மூலப் பத்திரத்தையே ஓர் எத்தியோப்பிய மாணவர் பார்க்க விரும்பினால் விசா எடுத்து யூஸ்டன் ரோட்டுக்கு வரவேண்டியிருக்கிறது.

எதிர்ச்சான்றையும் எடைபோட வேண்டும். பட்டாளம் நடந்தது ஒரே ஒரு வழியில், அதுவும் நெடுங்காலமாக உழுத வடக்கில். காப்பி தானாக வளரும் காஃபா முதலிய தென்மேற்கு மழைக்காடுகள் அந்தப் படங்களில் இல்லை. அங்கே இருபதாம் நூற்றாண்டில் குடியேற்றங்களாலும் தோட்டங்களாலும் காடு குறைந்தது மெய். ‘காடழிப்பே பொய்’ என்று மக்கானோ நைசனோ சொல்லவில்லை; வடக்கின் வெறுமைக்குத் தெற்கின் கதையைக் காரணமாக்குவதையே மறுக்கிறார்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண் என்பதில்தான் கோளாறு.

5. கோயிலைச் சுற்றி ஒரு வளையம்

வானிலிருந்து தெற்கு கொந்தர் பகுதியைப் பார்த்தால் பழுப்பு வயல்களுக்கு நடுவே பச்சைப் பொட்டுகள் தெரியும். ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் வட்டமான ஒரு தேவாலயம். எத்தியோப்பிய ஓர்த்தடாக்ஸ் தெவாஹிதோ திருச்சபையினர், தேவாலயத்தைச் சூழ்ந்த காட்டை அதன் ஆடை என்கிறார்கள். அந்த நாட்டுக் காட்டியலாளர் அலெமயேஹு வாஸியும் அமெரிக்க ஆய்வாளர் மார்கரெட் லோமனும் இவற்றைப் பட்டியலிட்டு, ஊராரோடும் குருமாரோடும் சேர்ந்து கால்நடை நுழையாதபடி கல்மதில் எழுப்பினார்கள். வயலில் பொறுக்கிய கல்லே மதிலாயிற்று, வயலும் சுத்தமாயிற்று.

இவற்றை ‘இழந்த பெருங்காட்டின் மிச்சங்கள்’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. 1938இல் இத்தாலியர் எடுத்த வான்படங்களோடு ஒப்பிட்டவர்கள் வேறொன்றைக் கண்டார்கள். அன்றைக்கே சுற்றிலும் வயலும் புதரும்தான். காட்டின் பரப்பு அதற்குப்பின் பெரிதாகச் சுருங்கவில்லை. மறைந்தது காட்டுக்கும் வயலுக்கும் இடையே இருந்த புதர்வளையம். மரம் நிற்பதற்குச் சமயமும் சமூகமும் இட்ட காவலே காரணம் என்று இதிலிருந்து கொள்ளலாம். நம் ஐயனார் கோயில் காடுகளில் சுள்ளி பொறுக்கக்கூட அஞ்சும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்முடையதில் பல, கோயில் கான்கிரீட்டுக்கு மாறியபோது காவலை இழந்தன. எத்தியோப்பியாவில் அந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது: காசு தேவைப்படும் தேவாலயம் காட்டோரத்தில் யூகலிப்டஸ் நடுகிறது.

6. தலைநகரைக் காத்த மரம்

1886இல் அரசி தைத்துவின் விருப்பப்படி அடிஸ் அபாபா, ‘புது மலர்’, உருவானது. சுமார் 2,350 மீட்டர் உயரம், குளிர், அரண்மனை, படை, பெருவிருந்துகள். சில ஆண்டுகளிலேயே சுற்றுவட்டார விறகு தீர்ந்துபோனது. எத்தியோப்பிய அரசர்களுக்கு இது புதிதல்ல; விறகு தீர்ந்தால் தலைநகரே பெயரும். தைத்துவின் கணவரான பேரரசர் இரண்டாம் மெனெலிக்கும் மேற்கே அடிஸ் அலெம் என்ற புது ஊருக்கு மாறத் தொடங்கினார். அப்போது 1890களின் நடுவில் கொண்டுவரப்பட்டிருந்த யூகலிப்டஸ் விறுவிறுவென்று வளர்ந்தது. நட்டவர்களுக்கு வரிச்சலுகை கிடைத்தது. தலைநகரம் அங்கேயே நின்றுவிட்டது.

நீலகிரியில் இதே நாடகம் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்தது. ஆங்கில அதிகாரி ஜான் சல்லிவன் 1820களில் ஒத்தக்கல்மந்தை, அதாவது இன்றைய ஊட்டியை, வெள்ளையரின் கோடைவாசத்தலமாக்கினார். 2,200 மீட்டருக்கு மேல் கணப்பு எரிய விறகு வேண்டும். பள்ளங்களில் ஒதுங்கியிருந்த சோலைகளை வெட்டினார்கள். 1843இல் யூகலிப்டஸ் வந்தது. 1860களில் அரசே தோட்டம் போட்டது. கற்பூர மரம் என்று மலைமக்கள் பெயரிட்டார்கள். கூடவே சீகை மரமும் வந்து, இருபதாம் நூற்றாண்டில் தோல் பதனிடும் தொழிலுக்காகப் பரந்தது. சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கு யூகலிப்டஸ் கூழ்மரமாகப் போயிற்று.

ஒற்றுமை இதோடு நிற்கிறது. எத்தியோப்பியக் கிராமங்களில் யூகலிப்டஸ் நட்டவர்களில் பெரும்பங்கினர் சிறு உழவர்கள். வேலியோரத்தில் நாலு கடல் மரம் நின்றால் அது மகளின் கல்யாணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் சேமிப்பு. நீரை உறிஞ்சுகிறது, அடியில் பயிர் முளைக்காது என்று அறிவியலார் சொல்வது அவர்களுக்குத் தெரியாததல்ல. வெள்ளை மரம், சிவப்பு மரம் என்று இரண்டு வகையைப் பிரித்து, எதை எந்த மண்ணில் வைப்பது என்று கணக்கிடுகிறார்கள். அந்த விறகின் இன்னொரு முகம் அடிஸ் அபாபாவை அடுத்த என்டோட்டோ மலை. தம் எடைக்கு நிகரான சுமையை முதுகில் வளைத்துக் கட்டி, நகரத்துக்கு இறங்கிவரும் பெண்கள் அந்தச் சாலையின் நிரந்தரக் காட்சியாக இருந்தார்கள். 2020இல் அங்கே பெரிய பூங்கா திறக்கப்பட்டது.

நீலகிரியில் நட்டது அரசு. நட்ட இடம் தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளி. புல் என்றால் வெறுமை, வெறுமை என்றால் தரிசு, தரிசு என்றால் நடவேண்டிய இடம் என்று வனத்துறையின் கணக்கு ஓடியது. அந்தப் புல்வெளி காடழிந்து உண்டானதா? 1993இல் ஆர். சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சதுப்புகளின் அடியில் படிந்த தாவரக் கரிமண்ணை ஆராய்ந்தார்கள். வெப்பநாட்டுப் புல்லும் மரமும் மண்ணில் விட்டுச்செல்லும் கரிம ஐசோடோப்புகளின் விகிதம் வேறுபடும். அதன்படி, சுமார் இருபதாயிரம் ஆண்டுகளாகவே அங்கு புல் இருக்கிறது. குளிர்வறட்சிக் காலத்தில் பரந்தும் ஈரக் காலத்தில் ஒடுங்கியும் வந்திருக்கிறது. தோடர் வருவதற்கு வெகுமுன்பே அங்கே புல்வெளி இருந்தது. வரையாடு அந்தப் புல்லையும் பாறையையும் நம்பி வாழ்கிறது. சிமியன் செங்குத்துகளில் வாலியா ஆடு வாழ்வது போல.

எத்தியோப்பியாவில் உழுத நிலத்தை அழிந்த காடு என்றார்கள். நீலகிரியில் இயற்கைப் புல்வெளியைக் காடில்லாத குறை என்றார்கள். இரண்டிலும் மரமில்லாமை ஒரு குற்றமாகவே படுகிறது. குற்றவாளி மட்டும் அங்கே உழவர், இங்கே மேய்ப்பர்.

7. நடுவதும் பிடுங்குவதும்

1984 அக்டோபரில் வட எத்தியோப்பியாவின் கொரெம் பஞ்ச முகாமின் காட்சி பிபிசியில் வந்தது. அடுத்த ஜூலையில் வெம்பிளியில் லைவ் எய்ட் இசைவிழா. எத்தியோப்பியா என்றால் வெடித்த மண் என்ற படிமம் அதிலிருந்து உலகெங்கும் பதிந்தது. டெர்க் ராணுவ அரசு, உணவு உதவியைக் கூலியாகக் கொடுத்து, மலைச்சரிவுகளில் கல்வரப்பும் நாற்றும் வைத்தது. நட்ட மரம் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லவில்லை. 1991இல் அந்த அரசு விழுந்தபோது பல ஊர்களில் மக்கள் அந்த மரங்களை வெட்டினார்கள். அது அறியாமை என்று அறிக்கைகள் சொல்லின. உரிமையில்லாத மரத்தை எவரும் காக்கமாட்டார் என்பது என் வாசிப்பு. அதே நாட்டில் தெற்கே கொன்சோ மக்கள் பல தலைமுறையாகக் கட்டிப் பேணிய கல்லடுக்கு வயல்களை 2011இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

2019 ஜூலை 29 அன்று ஒரே நாளில் 35 கோடிக்கும் மேற்பட்ட நாற்றுகள் நட்டதாக எத்தியோப்பிய அரசு அறிவித்தது. எண் மறுபடியும் தலைமையேற்றது. எந்த மரம், எந்த உயரத்தில், யார் நிலத்தில், எத்தனை பிழைத்தன என்பவை நடும் நாளில் கிடைக்கிற விடைகளல்ல. தமிழ்நாட்டிலோ நடந்ததைத் திருப்பும் வேலை தொடங்கியிருக்கிறது: நீதிமன்ற ஆணைகளின் பின்னணியில், 2022இல் அறிவித்த அந்நியத் தாவரக் கொள்கையின் கீழ், நீலகிரியில் சீகையை வேரோடு எடுத்துப் புல் வைக்கிறார்கள். வெட்டிய இடத்தில் மண்ணுக்குள் காத்திருந்த சீகை விதை மறுபடி முளைப்பதால் அது ஒரு பருவத்தில் முடிகிற வேலையல்ல.

வடகாட்டின் துண்டொன்று குரோய்டனில் இன்னும் இருக்கிறது: பிக்கின் வுட். வீடுகளுக்குப் பின்னால் ஒளிந்த சிறு ஓக் காடு. எஞ்சிய இத்தகைய துண்டுகளில் லண்டன் வனவுயிர் அறக்கட்டளையின் தொண்டர்கள் ரம்பத்தோடு இறங்குகிறார்கள். தோட்டங்களிலிருந்து தப்பிவந்த லாரல் புதர்களை அறுக்கிறார்கள். கரிக்காரர் போன பிறகு தறிக்க ஆளின்றி நெருங்கி நிற்கும் மரங்களைக் கலைத்துத் தரைக்கு வெளிச்சம் விடுகிறார்கள். காட்டைக் காப்பாற்ற வந்தவர்கள் ஏன் மரத்தை வெட்டுகிறார்கள் என்று நாயோடு நடக்க வருகிறவர்கள் நின்று கேட்பதுண்டு.